வேப்பமர நிழலில் நாங்கள் போட்ட கோடு

பத்திரிகையில் புறநகர்ப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த ஆளுக்குத் தெருக்களை அளக்கும் அலுவலகத்தில் என்ன வேலை என்று, எனக்குப் பிரிவுபசாரம் நடந்த அன்று உங்களில் ஒருவர் கேட்டார். கேக் வெட்டுகிற அவசரத்தில் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மேடம் கண்டுபிடிப்பதைத் தமிழில் எழுதுவது, அவர் நடக்கும்போது கூட நடப்பது. இவ்வளவுதான் என் வேலை.

மேடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் சேர்வதற்கு முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், என்னைவிட வயதில் நன்றாக இளையவர். பெயர் சொல்லி அழைத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார், ஆனாலும் தாம்பரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேடம்தான். அவரிடமிருந்து நான் என்ன பார்த்தேன் என்பதை, மல்லிகை நகர் விவகாரத்தை வைத்துச் சொல்வதே எளிது. நகர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நம் அலுவலகத்தின் வேலையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். தெருக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களை எண்ணுகிறோம். எங்கும் போகாமல் முட்டி நிற்கும் இடங்களை எண்ணுகிறோம். முதல் வகை அதிகமாக இருந்தால் அங்கே ஓர் ஊர் உருவாகிறது என்று பொருள். இரண்டாவது வகை அதிகமாக இருந்தால், மனைப்பிரிவுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு பரவுகின்றன என்று பொருள். குன்றத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை, பெரும்பாக்கம் வரை, ஒவ்வொரு நகருக்கும் இப்படி ஒரு மதிப்பெண் போட்டு வைத்திருந்தோம்.

அந்த ஆண்டு கோடையில் இந்த மதிப்பெண்ணுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. மழைக்கு முன்பு சில இணைப்புத் தெருக்களைத் திறக்க அரசுப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. எந்த நகருக்கு வழி மிகவும் தேவை என்று பட்டியல் கொடுக்கும்படி எங்களைக் கேட்டார்கள். பட்டியல் தயாராகிவிட்டது. அறிக்கையை நான் எழுதி முடித்துவிட்டேன். அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மதியம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

பேசியவர் ஸ்டெல்லா டீச்சர். மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, ஏரிக் கால்வாயை ஒட்டி இருக்கிற மல்லிகை நகரில், மூன்றாவது தெருவின் கடைசி வீட்டுக்காரர். பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் வரைபடத்தை இணையத்தில் பார்த்திருக்கிறார்.

"சார், உங்க மேப்ல எங்க தெரு நேரா கிரீன் அவென்யூவுக்குள்ள போகுதே, அது எந்த வழியா போகுதுன்னு சொன்னீங்கன்னா நாங்களும் போவோம்" என்றார்.

"ஏன் டீச்சர், அங்கே தெரு இல்லையா?"

"சுவர் இருக்கு. சுவருக்கு முன்னாடி பிள்ளையார் இருக்கார். பிள்ளையாருக்கு மேல வேப்பமரம் இருக்கு. தெருதான் இல்ல. என் மகள் பெங்களூருல இருந்து ஆர்டர் பண்ற பிரியாணி எல்லாம் அந்தப் பக்கம் வந்து நின்னு, சுவர் ஏறித்தான் எங்க வீட்டுக்கு வருது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"போன மழைக்கு ஆம்புலன்ஸும் அங்கதான் வந்து நின்னுச்சு சார்."

அவர் கணவருக்கு டயாலிசிஸ். வாரம் தவறாமல் குரோம்பேட்டைக்குப் போய்வர வேண்டும். மல்லிகை நகருக்கு இருக்கிற ஒரே வழி கால்வாய்க் கரைச் சாலை. ஏரி நிறைந்தால் அந்தச் சாலை தண்ணீருக்குள் போய்விடும். சுவருக்கு அந்தப் பக்கம் கிரீன் அவென்யூ என்கிற இன்னொரு மனைப்பிரிவு மேட்டில் இருக்கிறது, அங்கிருந்து பெரிய சாலைக்கு நல்ல தெரு போகிறது. ஓட்டுநரின் கைப்பேசி வரைபடமும் எங்களைப் போலவே ஏமாந்திருக்கிறது. கடைசியில் அக்கம்பக்கத்தார் டீச்சரின் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மறுபக்கம் நின்றவர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

"கீழ இருந்து நான் அவரோட ஒரு செருப்பைப் பிடிச்சிக்கினு நின்னேன் சார். அடுத்த மழைக்கு அவரைத் தூக்கற மாதிரி ஆளுங்க ஊர்ல இருப்பாங்களான்னு தெரியல. அதான் கேட்டேன்."

மேடத்திடம் சொன்னதும் வண்டியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

போய்ப் பார்த்ததும் புரிந்தது. செயற்கைக்கோள் படத்தில் வேப்பமரத்தின் அகலமான நிழல்தான் தெரிகிறது. நிழலின் இந்தப் பக்கம் தெரு முடிகிறது. அந்தப் பக்கம் ஒரு காலி மனை, அதில் நடந்து நடந்து தேய்ந்த தடம். தெரு மரத்தடியில் புகுந்து போகிறது என்று நினைத்துக் கோடு போட்டுவிட்டோம். அந்த ஒரு கோட்டால் மல்லிகை நகருக்கு இரண்டு வழி இருப்பதாகக் கணக்காகி, நல்ல மதிப்பெண் வாங்கி, பட்டியலிலேயே இல்லாமல் போயிருந்தது.

பத்திரிகையில் எங்களுக்கு ஒரு வினைச்சொல் உண்டு. கண்ணால் பார்க்காததை எழுதும்போது 'கூறப்படுகிறது' என்று முடித்துவிடுவோம். வரைபடத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. போட்டால் தெரு, போடாவிட்டால் தெரு இல்லை.

சுவரின் இரண்டு பக்கமும் சிமென்ட் கற்களைப் படி போல அடுக்கியிருந்தார்கள். சுவரின் மேல் விளிம்பு ஆட்கள் ஏறி இறங்கி வழவழவென்று இருந்தது. மேடம் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு கல்லில் ஏறி நின்று அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்த்தார் என்று அப்போது சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நான் சொன்னேன். "மேடம், ஒரு கோடுதானே. இப்பவே அழிச்சிட்டு, மல்லிகை நகரைப் பட்டியல்ல சேர்த்துடலாம். நாளைக்கு அனுப்பிடலாம். நாற்காலி விஷயத்தை முன்னுரையில் போட்டா யாரும் மறுக்க மாட்டாங்க."

நல்ல செய்தியை மோப்பம் பிடித்த பழைய நிருபரின் யோசனை அது. மேடம் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சார், டீச்சர் நமக்கு போன் பண்ணாங்க. போன் பண்ணாத டீச்சர் எத்தனை பேர் இருக்காங்க? இன்னிக்கு அவங்களுக்காக ஒரு கோட்டை அழிச்சா, நாளைக்கு வேற யாரோ கேட்டாங்கன்னு ஒரு கோட்டைப் போடுவோம். இந்த மாதிரி மரத்தடிக் கோடு எல்லாத்தையும் பிடிச்சிட்டுத்தான் பட்டியல் போகும்."

"பட்டியல் லேட்டானா பணம் வேற எங்கயாவது போயிடும் மேடம். டீச்சருக்கே கிடைக்காம போயிடும்."

"தெரியும்" என்றார். அன்று சாயங்காலமே அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னார்: "சார், பட்டியல்ல தப்பு இருக்கு. நாளைக்கு வராது. கொஞ்சம் அவகாசம் வேணும், கொடுக்கலைன்னா தப்பான பட்டியலுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்." எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. மேடத்தின் காது சிவந்திருந்தது மட்டும் தெரிந்தது. அவகாசம் கிடைத்தது, நிறைய இல்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். தென்சென்னைப் புறநகர் முழுக்க மரத்தடிகளைத் தேடி அலைய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. குழுவில் இருந்த பையன்களும் பெண்களும் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு மரமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேடம் படத்தைத் திறக்கவே இல்லை. மனை வாங்கி விற்கும் ஒரு கூடுவாஞ்சேரித் தரகருக்குப் போனைப் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அண்ணா, உங்ககிட்ட ரொம்ப நாளா விக்காம கிடக்கிற மனை எது எதுன்னு சொல்ல முடியுமா?"

"விக்காததா? நல்ல மனை இருக்கு மேடம், ஸ்டேஷன் பக்கத்துல, கார்னர் பிளாட்டு..."

"விக்காததுதான் வேணும்."

"அய்யோ, அது வேணாம் மேடம். எல்லாம் தெருக்குத்து. சல்லிசா வருதுன்னு வாங்கிட்டு அப்புறம் என்னைத் திட்டுவீங்க."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"மேடம், வூட்ல பெரியவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட போனைக் குடுங்க."

அலுவலகமே சிரித்தது. மேடம் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். தெருக்குத்து உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு தெரு நேராக வந்து எந்த மனையில் முட்டுகிறதோ அந்த மனை ஆகாது என்பார்கள். யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கியவர் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்து, வருகிற குத்தை அவரைத் தாங்கிக்கொள்ளச் சொல்வார். எங்கள் கணக்கில் வெறும் 'முட்டு' என்று இருந்ததற்கு, மனை வாங்குகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் இத்தனை வருஷமாக அந்த மனைகளைக் காலியாக வைத்திருந்தது. மேடம் அதை நம்பிக்கை என்றும் சொல்லவில்லை, மூடநம்பிக்கை என்றும் சொல்லவில்லை. அளவையாக எடுத்துக்கொண்டார். தெருவின் முனையில் விற்காத மனை இருந்தால், அங்கே தெரு முட்டுகிறது. அங்கே நாம் கோடு போட்டிருந்தால், அந்தக் கோடு பொய். அதே சமயம், வழி திறக்க இடம் மிச்சமிருப்பதும் அங்கேதான்.

இப்படியே மற்ற தரகர்களிடமும் கேட்டு, அவர்கள் சொன்ன இடங்களுக்கு ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். பொய்க் கோடுகளை அழித்தோம். பட்டியல் தலைகீழாக மாறியது. மல்லிகை நகர் பட்டியலுக்குள் வந்தது, ஆனால் உச்சியில் இல்லை. அதற்கு மேலே வேறு நகர்கள் இருந்தன, அங்கிருந்து யாரும் எங்களுக்குப் போன் செய்திருக்கவில்லை. மேடம் அந்த வரிசையை மாற்றவில்லை. அறிக்கையில் நாற்காலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் அவர் செய்தது சரி. மல்லிகை நகர் வரை பணம் எட்டியது. எட்டாமலும் போயிருக்கலாம்.

பணம் வந்தால் போதாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த காலி மனைக்கு உரிமையாளரான புரமோட்டர் தெருவுக்காகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க உடனே ஒப்புக்கொண்டார். "எப்படியும் போணியாகாத மனை மேடம், புண்ணியமாவது கிடைக்கட்டும்." ஒப்புக்கொள்ளாதவர்கள் இரண்டு பேர். கிரீன் அவென்யூ நலச்சங்கத் தலைவர் ரகுராமன், வங்கி அதிகாரி. மல்லிகை நகரில் அந்தப் பிள்ளையாருக்குத் தினமும் விளக்கேற்றுகிற கோமதி அம்மா, டீச்சரின் எதிர்வீட்டுக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் கூடினார்கள். ரகுராமன் அந்தப் பக்கம் கல்லின் மேல் நின்றதால் எங்களுக்கு அவருடைய தலையும் தோளும் மட்டும் தெரிந்தன.

"மேடம், நாங்க கேட்டட் கம்யூனிட்டின்னு காசு கொடுத்து வாங்கியிருக்கோம். செக்யூரிட்டி இஷ்யூ வரும்" என்றார்.

"எங்களால என்னங்க இஷ்யூ? உங்க பசங்க பந்து எங்க வீட்டுலதான் வந்து விழுது, ஒரு நாளாவது தராம இருந்திருக்கேனா?" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"அதில்ல டீச்சர், பொதுவா சொன்னேன்."

கோமதி அம்மா குறுக்கே புகுந்தார். "அவர் வழி விட்டாலும் நான் பிள்ளையாரை நகர்த்த விட மாட்டேன். அப்படியே நகர்த்தறதா இருந்தா சதுர்த்திக்கு முன்னாடி அவர் புது இடத்துல உக்காந்தாகணும். அதுக்கப்புறம் தை வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

தை என்றால் மழை முடிந்துவிடும். டீச்சர் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்பவர் போலக் கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

மேடம் பாதுகாப்பைப் பற்றிப் பதிலே சொல்லவில்லை. கல்லில் ஏறி, ரகுராமனுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"சார், காலி மனைக்கு நேர் எதிர்ல, பச்சை கேட் போட்ட வீடு உங்களுதா?"

ரகுராமன் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தார். முதல் நாள் கல்லில் ஏறி நின்று மேடம் பார்த்தது அந்த கேட்டைத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சுவரை எடுத்து, காலி மனையில் தெரு போட்டால், அது கிரீன் அவென்யூவின் உள் தெருவைக் கடந்து நேராக அவர் வாசலில் போய் முட்டும். இத்தனை நாள் காலி மனையின் தலையில் இருந்த குத்து அவர் வீட்டுக்கு இடம் மாறும்.

"எனக்கு இதிலெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் தாழ்ந்த குரலில். "வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. பொண்ணுக்கு வேற வரன் பார்த்துட்டிருக்கோம்."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் செய்திருப்பார்கள். படித்த மனிதர் இப்படிப் பேசலாமா, ஓர் உயிரைவிட இது பெரிதா என்று. அவர் வெட்கப்பட்டிருப்பார், பிறகு வீம்பு பிடித்திருப்பார். மேடம் தலையாட்டினார். நியாயமான கவலை ஒன்றைக் கேட்டவர் போல.

"குத்து நகர்ந்தா பிள்ளையாரும் கூட நகரட்டுமே சார். உங்க சுவர்ல, தெருவைப் பார்த்து."

அதைச் சத்தமாகவும் சொன்னார். கோமதி அம்மா கொதித்துவிட்டார்.

"நல்லா இருக்கே! நான் இத்தனை வருஷமா விளக்கேத்தினவரைத் தூக்கி அவங்களுக்குக் கொடுத்துடணுமா?"

"கொடுக்க வேணாம் கோமதி. தெரு திறந்துட்டா நீ நடந்து போய் ஏத்தலாமே. டாக்டர்தான் உன்னை நடக்கச் சொல்லியிருக்காரே" என்றார் டீச்சர்.

"நீ சும்மா இரு ஸ்டெல்லா. உனக்கென்ன, சுண்டல் வந்தா போதும்."

"அதுவும் சரிதான். சுண்டல் எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் சாப்பிடுவேன்."

கூட்டம் சிரித்தது. கோமதி அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றார். ரகுராமன் அந்த நேரம் பார்த்து, "அப்படின்னா ராத்திரிக்கு மட்டும் ஒரு கேட் போட்டுப் பூட்டிக்கறோம்" என்றார். கோமதி அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

"பூட்டுவீங்களா? என் பிள்ளையாரை உள்ள வெச்சு நீங்க பூட்டுவீங்களா? விடியக்காலை நான் விளக்கேத்த வருவேன். பூட்டு இருந்தா ஊரையே கூட்டுவேன். கேட்டும் வேணாம், பூட்டும் வேணாம். சம்மதம்னா சொல்லுங்க, நானே ஐயரைப் பார்த்து நாள் குறிக்கிறேன்."

மேடம் வாயைத் திறக்கவில்லை. கேட்டைப் பற்றி அவர் பேசியிருந்தால் அது அலுவலகத்தின் நிபந்தனையாக இருந்திருக்கும், நாலு மாதத்தில் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். கோமதி அம்மா பேசியதால் தெரு என்றைக்கும் திறந்திருக்க வேண்டியதாயிற்று. எப்போது பேச வேண்டும் என்று பலருக்குத் தெரியும். வேலை தானாக நடக்கும்போது சும்மா இருக்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சதுர்த்திக்கு முன்பே பிள்ளையார் கிரீன் அவென்யூவுக்குக் குடிபோனார். ரகுராமன் வீட்டுச் சுவரில் டைல்ஸ் பதித்த மாடம். பச்சை கேட்டை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். சுவர் இடிந்தது. வேப்பமரத்தை வெட்டாமல் தெருவை அதன் ஓரமாக விட்டார்கள். ஜல்லி கொட்டிச் சமன்படுத்தினார்கள், தார் போட நேரமில்லை. திறப்பு நாளில் ரிப்பன் கட்டினார்கள், சுண்டல் கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நான் கேட்டேன். "மேடம், மல்லிகை நகர் கோட்டைத் திரும்பப் போட்டுடலாமா?"

"எதைப் பார்த்துப் போடுவீங்க?"

"தெரு திறந்தாச்சே. நாமதானே பார்த்தோம்."

"ரிப்பனைப் பார்த்தோம். ஜல்லி மேல ஆளுங்க நடந்ததைப் பார்த்தோம். மழை பெஞ்சா அது சேறா, தெருவான்னு இன்னும் தெரியாது. இருக்கட்டும்."

வரைபடத்தில் மல்லிகை நகர் முட்டி நிற்கும் தெருவோடும் மோசமான மதிப்பெண்ணோடும் இருந்தது. மல்லிகை நகர் நலச்சங்கத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. மதிப்பெண் ஏறினால் மனை விலை ஏறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேடம் அசையவில்லை.

ஐப்பசியில் ஏரி நிறைந்தது. கால்வாய்க் கரைச் சாலை வழக்கம்போலத் தண்ணீருக்குள் போனது. அன்று காலை மேடம் அலுவலகத்துக்கு வரவில்லை. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பகல் உணவு நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. எடுத்தால் முதலில் மழைச் சத்தம், அப்புறம் கோமதி அம்மா யாரையோ "ஓரமா நில்லுங்கப்பா, வண்டி வருது" என்று அதட்டும் சத்தம், ஏதோ ஒரு வண்டி கியர் மாற்றி ஜல்லியில் நெறித்து ஏறும் சத்தம். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிற்று. பிறகு மேடத்தின் குரல்.

"சார், டீச்சர் வீட்டுக்காரர் குரோம்பேட்டைக்குக் கிளம்பிட்டார். டீச்சரும் கூடவே வண்டியில ஏறிட்டாங்க. டயர் எங்கயும் சிக்கல. பிள்ளையாரைத் தாண்டி மெயின் ரோட்டுல திரும்புற வரைக்கும் பார்த்துட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

"கோட்டைப் போட்டுடுங்க."

நான் வரைபடத்தைத் திறந்தேன். மென்பொருளில் கை பழகாதவன், பக்கத்து மேஜைப் பையன் உதவட்டுமா என்றான், வேண்டாம் என்றேன். மூன்றாவது தெருவின் முனையில் தொடங்கி, வேப்பமர நிழலுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் பிள்ளையார் மாடத்துக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நாங்கள் முதலில் போட்டு, பிறகு அழித்த அதே கோடு. கொஞ்சம் கோணலாக வந்தது. மரத்தைச் சுற்றிக்கொண்டு தெரு அங்கே கோணலாகத்தான் போகிறது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, திறந்து பாருங்கள்.